விஞ்ஞானத்தில் ஏ எடுத்த மகள் கலைப்பிரிவு கேட்கிறாள்

கேள்வி:

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மூத்தவன் ஓ.எல். (11ஆம் தரத்துச் சாதாரண தரப் பரீட்சை) எழுதி இரண்டு வருடம் ஆகிறது. கணிதத்துக்கு சி தான் வந்தது. ஆனாலும் கணிதப் பிரிவில்தான் படிப்பேன் என்றான். கடன் வாங்கி, ஹட்டனில் அறை பார்த்துச் சேர்த்துவிட்டோம். இந்த வருடம் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதுகிறான்.

இளையவளுக்கு இப்போது பெறுபேறு வந்திருக்கிறது. கணிதம், விஞ்ஞானம், தமிழ் மூன்றுக்கும் ஏ. எங்கள் லயத்துக்கு (தோட்ட வீட்டு வரிசைக்கு) பின்னால் மண் சரிந்த வருடத்திலிருந்து, "இஞ்சினியராகி இதையெல்லாம் தடுப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது கலைப்பிரிவு போதும் என்கிறாள். ஏன் என்று கேட்டால், "விருப்பமில்லை, எனக்கு அதெல்லாம் வராது" என்று எழுந்து போய்விடுகிறாள். ஓர் ஆசிரியையும், "பொம்பளைப் பிள்ளைக்குக் கணிதப் பிரிவு எதுக்கு, படிக்கிறதென்றால் டாக்டருக்குப் படிக்கட்டும்" என்றாராம். பக்கத்துப் பாடசாலையில் கலையும் வர்த்தகமும்தான் இருக்கின்றன. நாங்கள் யாரும் அவளைத் தடுக்கவில்லை. பொறுப்பான பிள்ளை. அண்ணனின் டியூஷன் காசு, கடைக் கடன், சீட்டு எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைப்பவள் அவள்தான். கட்டாயப்படுத்திச் சேர்க்கலாமா, அவள் இஷ்டத்துக்கு விட்டுவிடலாமா?

ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டாயப்படுத்த வேண்டாம். அவள் இஷ்டம் என்று இப்போதே விட்டுவிடவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அதைச் செய்த பிறகும் கலைப்பிரிவுதான் என்று அவள் சொன்னால், மனமார வாழ்த்திச் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் பெருமையோடு, போகிற போக்கில் எழுதிய வரி ஒன்று இருக்கிறது. வீட்டுக் கணக்குக் கொப்பியை எழுதுகிறவள் உங்கள் மகள். அண்ணனுக்கு அறை வாடகை எவ்வளவு, பௌதிகவியல் வகுப்புக்கு எவ்வளவு, அந்த மாதம் எந்தக் கடையில் எவ்வளவு நின்றது, அப்பா அனுப்பிய காசில் என்ன மிஞ்சியது, எல்லாம் அவள் கையெழுத்தில் இருக்கிறது. இந்த வீட்டில் விஞ்ஞானம் படிக்க என்ன செலவாகும் என்று உங்களைவிட, உங்கள் கணவரைவிட, அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளை, "எனக்கும் அதே அளவு செலவழியுங்கள்" என்று வாய்விட்டுக் கேட்பாளா? கேட்கமாட்டாள். "விருப்பமில்லை" என்பாள். அதைச் சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை பாருங்கள்.

நான் அவளைப் பார்த்ததில்லை. அதனால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் விஞ்ஞானம் படிப்பித்த காலத்திலும், இப்போது தொழில் வழிகாட்டலுக்காகப் பிள்ளைகளோடு உட்காரும்போதும், இந்த "விருப்பமில்லை" எனக்கு நல்ல பழக்கம். உடனே நம்பிவிடக்கூடாத சொல் அது. கெட்டிக்காரப் பெண் பிள்ளைகளின் வாயிலிருந்து வந்தால் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும்.

பிள்ளைகள் ஏன் ஒரு பாடத்தைத் தெரிவு செய்கிறார்கள், ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பதைப் பல வருடங்களாக ஆராய்ந்தவர்களில் ஜாக்குலின் எக்கிள்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் முக்கியமானவர். 1983இல் அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் எழுதியதன் சாரத்தை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: ஒரு பிள்ளை இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது. ஒன்று, இதில் என்னால் தேற முடியுமா? மற்றது, இது எனக்கு அவ்வளவு பெறுமதியானதா? இந்தப் பெறுமதிக்குள் பிடிக்கிறதா, என்னைப் போன்ற ஒருத்திக்குப் பொருந்துமா, பிறகு உதவுமா என்பதெல்லாம் அடங்கும். அதோடு, இதற்காக எதையெல்லாம் இழக்க வேண்டும் என்ற கணக்கும் சேரும். காசு மட்டும் இழப்பில்லை. நேரம், தூக்கம், வீட்டை விட்டுப் பிரிவது, ஊர் வாய்க்கு விழுவது எல்லாம் இழப்புத்தான். நாம் "விருப்பம்" என்று ஒரே சொல்லில் கேட்டுவிடுகிறோம். பிள்ளை இவை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுகிறது.

இப்போது, கோபித்துக்கொள்ளாதீர்கள், "நாங்கள் யாரும் தடுக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உண்மைதான், தடுக்கவில்லை. ஆனால் மகன் கணிதப் பிரிவு என்றபோது தடுக்காமல் மட்டுமா இருந்தீர்கள்? கடன் வாங்கினீர்கள். ஹட்டனில் அறை தேடினீர்கள். கணிதத்துக்கு சி வந்திருக்கிறதே, இது சரிவருமா என்று அவனிடம் யாரும் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. மூன்று ஏ எடுத்தவளிடம் "ஏன் வேண்டாம்" என்று கேட்டிருக்கிறீர்கள், அவள் எழுந்து போயிருக்கிறாள், பேச்சு அங்கேயே நின்றிருக்கிறது. அறை பார்க்கவா, எந்தப் பாடசாலை, பஸ் எப்படி என்று ஒரு பேச்சு எழுந்ததா? உங்களைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. மலையகத்தில் மட்டுமென்ன, கொழும்பில் படித்த குடும்பங்களிலும் இதே கதைதான். மகன் சொன்னால் அது திட்டம், மகள் சொன்னால் அது ஆசை. ஆசைக்கு யாரும் அறை தேடுவதில்லை.

அடுத்தது, "எனக்கு வராது".

கணிதத்துக்கு ஏ எடுத்த பிள்ளை கணிதம் வராது என்கிறது. அவள் பொய் சொல்லவில்லை, மெய்யாகவே அப்படி நினைக்கக்கூடும். அல்பேர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இலேயே எழுதியது இது: ஒரு வேலையை என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை வேறு, அதற்கான திறமை வேறு. திறமை இருந்தும் நம்பிக்கை இல்லாதவர் அந்த வேலைக்குப் பக்கத்திலும் போகமாட்டார். அந்த நம்பிக்கை முதலில் தன் கையால் செய்து பார்ப்பதிலிருந்து வருகிறது. பிறகு, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் கண்ணால் பார்ப்பதிலிருந்து. "உன்னால் முடியும்" என்று மற்றவர்கள் சொல்வது அதற்கும் பின்னால்தான்.

கையால் செய்வது என்றால், நம் பாடசாலை ஒன்றின் விஞ்ஞான அறையில் 10ஆம் தரத்துப் பிள்ளைகள் மின்சுற்று இணைப்பதைப் போய்ப் பாருங்கள். ஒரு குழுவுக்கு ஒரு பலகைதான் இருக்கும். மின்கலத்தையும் ஆளியையும் அம்பியர்மானியையும் எடுத்து இணைப்பது பெரும்பாலும் பையன்கள். "கையெழுத்து அழகா இருக்கும், நீ எழுது" என்று கொப்பி பெண் பிள்ளையிடம் போகும். வாசிப்பை ஒருவன் சத்தமாகச் சொல்வான், அவள் அட்டவணை போடுவாள், சுற்று வரைபடத்தை அடிமட்டம் வைத்து நேர்த்தியாக வரைவாள். பரீட்சையில் அவளுக்குத்தான் கூடப் புள்ளிகள். ஆனால் கம்பியை முறுக்கியவன் "எனக்கு இது தெரியும்" என்று நினைத்துக்கொண்டு வெளியே வருகிறான். அவளோ "நான் பாடமாக்கினேன், அதனால் புள்ளி வந்தது" என்று நினைக்கிறாள். நாமும் அதையே உறுதிப்படுத்துகிறோம். பையன் நல்ல புள்ளி எடுத்தால் மூளைக்காரன், பெண் எடுத்தால் உழைப்பாளி. ஆசிரியர் அறைகளில் இந்தப் பேச்சை நான் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன்.

கண்ணால் பார்ப்பது என்றால், அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து ஒரு விஞ்ஞானியை வரையச் சொல்லும் ஆய்வுகளை 1960கள் முதல் செய்துவருகிறார்கள். அவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து 2018இல் பார்த்தபோது, 6 வயதுச் சிறுமிகள் வரைந்த விஞ்ஞானிகளில் ஏறக்குறைய 70 வீதம் பெண்கள். 16 வயதில் அது 25 வீதத்துக்கு விழுந்துவிட்டது. அந்த இடைப்பட்ட பத்து வருடம் முழுக்க அவர்கள் பாடசாலையில்தானே இருந்தார்கள்! அங்கேயே அப்படி என்றால், நம் தோட்டத்துப் பிள்ளை யாரைப் பார்க்கிறது? பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளர் பெண், குடும்பநல மாது பெண், ஆரம்பப் பாடசாலை டீச்சர் பெண். தொழிற்சாலையில் மெஷின் பார்ப்பவர் ஆண், லைட் போட வருபவர் ஆண், பாதை போட அளக்க வருபவரும் ஆண். நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கமோ மேல் கொத்மலையிலோ மின்சார நிலையத்துக்குள் வேலை செய்யும் ஒரு பெண்ணை உங்கள் மகள் எப்போதாவது பார்த்திருப்பாளா?

டாக்டர் விஷயத்தில் அந்த ஆசிரியையின் பேச்சைப் பெரிதாக எடுக்காதீர்கள் என்று ஒரு வரியில் முடிக்கலாம். ஆனால் அவர் தனி ஆள் இல்லை, உலகமே அப்படித்தான் பேசுகிறது. ஓஈசிடி என்ற பல நாடுகளின் பொருளாதார அமைப்பு 15 வயது மாணவர்களிடம் நடத்தும் பீசா ஆய்வில் நம் நாடு சேரவில்லை. சேர்ந்த நாடுகளில் 2015இல் 30 வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று கேட்டார்கள். ஓஈசிடி நாடுகளின் சராசரியைப் பார்த்தால், விஞ்ஞானம் சார்ந்த வேலை என்று சொன்னவர்கள் பையன்களில் 25 வீதம், பெண்களில் 24 வீதம். வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். ஆனால் எந்த வேலை என்று பார்த்தால் பாதை பிரிந்துவிடுகிறது. வைத்தியர், தாதி, மிருக வைத்தியர் என்று சொன்னவர்கள் பெண்களில் ஏறக்குறைய மூன்று மடங்கு. பொறியியலாளர், விஞ்ஞானி, கட்டடக் கலைஞர் என்று சொன்னவர்கள் பையன்களில் இரண்டு மடங்குக்கும் மேல். நம் நாட்டிலும் அரச பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களில் 60 வீதத்துக்கு மேல் பெண்கள்தான். மருத்துவத்திலும் பெண்கள் நிறைய. பொறியியல் பீடங்களில் மட்டும் இன்னும் ஆண்கள் பெரும்பான்மை. பிறரைப் பராமரிக்கும் வேலை என்றால் பெண்ணுக்கு விஞ்ஞானம் பொருந்தும், இரும்பும் கொங்கிரீட்டும் என்றால் பொருந்தாது என்று எங்கோ முடிவு கட்டிவிட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உயிரியல் பிரிவிலும் பௌதிகவியலும் இரசாயனவியலும் உண்டு. கணிதப் பிரிவிலும் அதே இரண்டும் உண்டு. வித்தியாசம் மூன்றாவது பாடத்தில் மட்டும்தான்: ஒன்றில் உயிரியல், மற்றதில் இணைந்த கணிதம். கணிதத்துக்கு ஏ எடுத்தவளைக் கணிதம் கஷ்டம் என்று சொல்லி உயிரியலுக்கு அனுப்புவதில் என்ன நியாயம் இருக்கிறது? அவளுக்கு உயிரியல் பிடித்தால் போகட்டும். பிடித்ததாக நீங்கள் எழுதவில்லை.

தமிழுக்கும் ஏ என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் இதில் ஒரு காரணமாக இருக்கலாம். 2013இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் எக்கிள்ஸும் பங்கெடுத்திருந்தார். கணிதத்திலும் மொழியிலும் ஒருசேரக் கெட்டிக்காரராக இருந்தவர்களைவிட, கணிதத்தில் மட்டும் கெட்டியானவர்கள்தான் விஞ்ஞானத் தொழில்களுக்குக் கூடுதலாகப் போனார்கள். இரண்டிலும் கெட்டியான கூட்டத்தில் பெண்கள் அதிகம். அதாவது, வேறு வாசலும் திறந்திருப்பவருக்கு எந்த வாசலில் முதலில் தடங்கல் வருகிறதோ அதை விட்டுவிடுவது சுலபம். உங்கள் மகளுக்குக் கலைப்பிரிவில் நிச்சயம் நன்றாக வரும். அதனால்தான் அவசரப்பட்டு அங்கே ஒதுங்கிவிடுகிறாளோ என்று எனக்குச் சந்தேகம்.

சரி, என்ன செய்யலாம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனில் அப்பாவை ஸ்பீக்கரில் போட்டு நாலுபேர் கேட்க வேண்டாம். நீங்களும் அவளும் மட்டும் உட்காருங்கள். "ஏன் விருப்பமில்லை" என்று கேட்காதீர்கள், எழுந்து போய்விடுவாள். அந்தக் கொப்பியை எடுத்து வரச் சொல்லுங்கள். புதிய பக்கத்தில், "நீ ஹட்டனில் கணிதப் பிரிவு படித்தால் என்ன செலவு என்று எழுது" என்று சொல்லுங்கள். அவள் எழுதத் தொடங்கினாலே அவள் மனதில் இருந்தது வெளியே வரும். அனேகமாக அண்ணனின் செலவை அப்படியே இரண்டால் பெருக்கி வைத்திருப்பாள். அது தவறு. அவன் இந்த வருடம் பரீட்சை எழுதுகிறான். இவள் தொடங்கும்போது அவனுடைய செலவு முடிகிறது. இரண்டும் ஒன்றாக ஓடுவது கொஞ்ச மாதம்தான். அவன் வாங்கிய புத்தகம், எழுதிய குறிப்பு, செய்த வினாத்தாள் எல்லாம் இவளுடைய அதே மூன்று பாடங்களுக்கு உரியவை. 11ஆம் தரத்துக்குப் பிறகு அரசாங்கப் பாடநூல் இலவசமாக வராது என்பதால் இது சின்ன விஷயமில்லை. அதற்கு மேல் தேவைப்பட்டால் தேசிய கல்வி நிறுவகத்தின் தமிழ் மொழி வள நூல்கள் அதன் இணையத்தளத்தில் இருக்கின்றன. மூன்று பாடத்துக்கும் முதல் நாளிலிருந்தே டியூஷன் வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. முதல் தவணை பாடசாலையில் நன்றாகக் கவனிக்கட்டும், எது இடிக்கிறதோ அதற்கு மட்டும் அனுப்பலாம்.

இங்கே ஒரு கசப்பான பேச்சும் பேசித்தான் ஆக வேண்டும். மகனுக்குப் பெறுபேறு எதிர்பார்த்தபடி வராவிட்டால் இரண்டாம் தடவை எழுதுகிறேன் என்பான். எழுதட்டும், மூன்று தடவைவரை எழுத இடம் இருக்கிறது. ஆனால் அவனுடைய இரண்டாம் தடவைக்காக இவளுடைய முதல் தடவை நிற்கக்கூடாது. இதைப் பெறுபேறு வந்த பிறகு பேசினால் கண்ணீரும் கோபமும்தான் மிஞ்சும். இப்போதே, கணவரோடும் மகனோடும் சேர்ந்து பேசி வைத்துவிடுங்கள். அந்த முடிவு மகளின் காதில் விழுந்தால் போதும், பாதி "விருப்பமில்லை" அங்கேயே கரைந்துவிடும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, பாதை. பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட் வழியாக ஹட்டன் போய் வருவது முடியாத காரியமில்லை. எத்தனையோ பிள்ளைகள் சீசன் டிக்கெட்டில் போய் வருகிறார்கள். சிக்கல் பின்னேர வகுப்பு முடிந்து வரும்போதுதான். பிரதான பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி லயம்வரை தேயிலைக்குள் இருட்டில் நடக்க வேண்டும். சிறுத்தை நடமாடுகிற பக்கம் அது. மனிதர்களை நினைத்தும் பயப்படத்தான் வேண்டும். மகனுக்கு அந்த இருட்டு ஒரு பிரச்சினையாகவே வந்திருக்காது. மகளுக்கு அதுவே முதல் பிரச்சினை. ஆகவே அறையை அவளுக்கும் தேடுங்கள். விடுதி உள்ள பாடசாலையா, கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதியா, நம்பிக்கையான சொந்தக்காரர் வீடா என்று பாருங்கள். சொந்தக்காரர் வீடு என்றால் ஒன்று கவனியுங்கள்: அங்கே அவள் படிக்கப் போகிறாளா, சமைத்துக் கொடுத்துப் பிள்ளை பார்க்கப் போகிறாளா என்று முதலிலேயே தெளிவாகப் பேசிவிடுங்கள். வீட்டிலேயே இருந்து போவதென்றாலும் அப்படித்தான். நீங்கள் காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போன பிறகு அடுப்பும் தண்ணியும் யார் தலையில்? இணைந்த கணிதம் மிச்சமிருக்கும் நேரத்தில் படிக்கிற பாடமில்லை.

பாடசாலையைத் தெரிவு செய்யும்போது 1ஏபி வகைப் பாடசாலையாகப் பாருங்கள். விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் அங்கேதான் உண்டு, 1சி என்றால் கலையும் வர்த்தகமும்தான். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிற்காமல், பௌதிகவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் இப்போது தமிழ் மொழியில் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று அதிபரிடம் நேராகக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். மலையகத்தில் பிரிவு இருக்கும், ஆசிரியர் இருக்கமாட்டார் என்பது பழைய வியாதி.

நம் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்குமா என்ற பயமும் அவளுக்கு இருக்கலாம். கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீதம் இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரியும். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கும். நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கொழும்புப் பிள்ளைக்குத் தேவையான இஸட் புள்ளியைவிட (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) குறைந்த புள்ளியில் நுவரெலியாப் பிள்ளை பொறியியலுக்குப் போவது வழக்கம். இது பிச்சை இல்லை, ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாமல் படித்ததற்கான ஈடு. அவள் படிக்க ஆசைப்பட்டதற்கு இடங்களும் இருக்கின்றன. குடிசார் பொறியியல் பேராதனை, மொரட்டுவை தவிர யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்திலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. மொரட்டுவையில் புவி வளப் பொறியியல் என்றே ஒரு துறை இருக்கிறது. பேராதனை விஞ்ஞான பீடத்தில் புவிச்சரிதவியல் இருக்கிறது. எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும் என்பதால் ஆங்கிலத்தை இன்றிலிருந்தே விடாமல் பிடிக்கச் சொல்லுங்கள். ஒருவேளை புள்ளி போதாவிட்டால் மொரட்டுவையில் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா இருக்கிறது, தாதியர் பயிற்சி இருக்கிறது, கல்வியியற் கல்லூரியில் கணித, விஞ்ஞான ஆசிரியர் பயிற்சி இருக்கிறது. பத்தனையில் ஸ்ரீபாத கல்லூரி உங்களுக்குத் தூரமும் இல்லை. இவற்றுக்கெல்லாம் விஞ்ஞான அல்லது கணிதப் பிரிவுப் பாடங்கள்தான் திறவுகோல்.

மண்சரிவு என்று சொன்னாளே, அதை விடாதீர்கள். ஆசைகளில் அது அபூர்வமான ரகம். டாக்டர், இஞ்சினியர் என்று பிள்ளைகள் சொல்வதில் பாதி கேட்டதைத் திருப்பிச் சொல்வது. இவள் தன் லயத்துக்குப் பின்னால் பார்த்ததிலிருந்து சொல்லியிருக்கிறாள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை நாம் யாரும் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு முன்பே எச்சரித்திருந்தது. மழைமானி வைத்து எவ்வளவு மழைக்கு எந்தச் சரிவு இளகும் என்று கணிப்பது, வெடிப்பை அளப்பது, அபாய வரைபடம் போடுவது எல்லாம் அவர்கள் வேலை. அதைத் தமிழில் லயத்துக்கு வந்து சொல்லக்கூடிய, அந்த லயத்தில் பிறந்த ஒரு பெண் அங்கே இருந்தால் எப்படி இருக்கும் என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். மலையக மாவட்டங்களில் அந்த நிறுவனத்துக்கு அலுவலகங்கள் உண்டு. விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் மூலம் அதிபரின் கடிதத்தோடு கேட்டால் ஒரு நாள் போய்ப் பார்க்க விடுவார்கள். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. நீங்கள் பறிக்கிற கொழுந்தில் மப்பும் மழையுமான நாட்களில் கொப்புள நோய் ஏன் வருகிறது என்று வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு பார்ப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒரு தடவை உள்ளே போய் வந்த பிள்ளைக்கு நான் பத்துப் பக்கம் எழுதத் தேவையில்லை.

அதைவிட நல்லது, கணிதப் பிரிவில் படித்த ஒரு பெண்ணை, உங்கள் பக்கத்துத் தோட்டத்தவராக, அவளைவிட நாலைந்து வயது மூத்தவராகப் பார்த்து ஒரு மணித்தியாலம் பேச விடுங்கள். சாதனைக் கதை வேண்டாம். 12ஆம் தரத்தில் முதல் தவணைக்கு எத்தனை புள்ளி வந்தது என்று அந்தப் பெண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். ஓ.எல்.லில் ஏ எடுத்தவர்கள் ஏ.எல். முதல் தவணையில் 30, 35 என்று வாங்குவது சர்வசாதாரணம். பையன்கள் "பேப்பர் கஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் விளையாடப் போவார்கள். பெண் பிள்ளைகள் "எனக்கு வராது என்று அப்பவே சொன்னேனே" என்று வீட்டுக்கு வந்து அழுவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே புள்ளிதான். உங்கள் மகள் சேர்ந்தால், இந்த வருடத்தில் நீங்கள் தயாராக இருக்க வேண்டிய நாள் அந்த ரிப்போர்ட் வரும் நாள்தான். பிரிவு மாறும் பேச்சு அன்றைக்கு வரும். இரண்டாம் தவணைவரை பொறு என்று மட்டும் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கலைப்பிரிவு என்றால் சரி. அங்கே புவியியலை எடுத்தால் மண்சரிவும் அனர்த்த முகாமைத்துவமும் அவளைவிட்டு எங்கும் போகாது. நடுவழியாக, பொறியியல் தொழில்நுட்பவியல் பிரிவு ஒன்றும் 2013 முதல் இருக்கிறது. ஆனால் கணிதத்துக்கு ஏ வைத்திருப்பவளுக்கு அதை முதல் தெரிவாக நான் சொல்லமாட்டேன்.

ஏ.எல். சேர்க்கைக்கு இரண்டு மூன்று பாடசாலைகளுக்கு இப்போதே விண்ணப்பம் போட்டு வையுங்கள். பேச்சு முடியட்டும் என்று காத்திருந்தால் வகுப்பு நிரம்பிவிடும். இடம் கிடைத்த பிறகு வேண்டாம் என்று சொல்லலாம். விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும். கேட்க ஏதாவது இருந்தால் அவளே எனக்கு எழுதலாம், பெயர் போடமாட்டோம். மூத்தவனையும் எழுதச் சொல்லுங்கள். கணிதத்துக்கு சி எடுத்துவிட்டு இரண்டு வருடம் இணைந்த கணிதத்தோடு மல்லுக்கட்டியவனுக்கும் கேட்க நிறைய இருக்கும், அவனை இதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.